பர்மியச் சாப்பாட்டுக் கடையில் என்ன வாங்கிச் சாப்பிடுவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்கள், உடன் வேலை செய்யும் பர்மிய நண்பர் வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் பெனின்சுலா பிளாசாவில் ஒரு பர்மியச் சாப்பாட்டுக் கடைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார், அங்கே என்ன வாங்குவது என்று தெரியவில்லை. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்கள், மனைவி சுத்த சைவம், சென்னையில் இருந்தபோது பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறீர்கள், அந்த ருசி இங்கே கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவில் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முன்பு ஒரு தடவை தனியாகப் போய்க் கோழிக்கறியும் சோறும் வாங்கினீர்கள், கறி எண்ணெயில் மிதந்தது, காரமோ மசாலாவோ இல்லை, பக்கத்தில் வைத்த கிண்ணத்தின் வாடை தாங்கவில்லை, பாதியில் எழுந்து வந்துவிட்டீர்கள். எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று தோன்றுகிறது: அந்தச் சாப்பாடே அப்படித்தானா, இல்லை நான் சாப்பிட்ட முறை சரியில்லையா?

சாப்பிட்ட முறைதான். அதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை, யாரும் சொல்லித்தராமல் அது தெரியவராது. நான் சமையல் தொழிலில் இருப்பவன். இந்த ஊர் உணவகச் சமையலறைகளில் பல வருடம் பர்மியச் சமையல்காரர்களோடு தோளோடு தோள் நின்று வேலை பார்த்திருக்கிறேன், வேலையாட்களுக்கான மதியச் சாப்பாட்டை அவர்கள்தான் சமைப்பார்கள், அதைச் சாப்பிட்டுத்தான் இந்தச் சமையல் எனக்குப் பிடிபட்டது. அப்புறம் யாங்கோன், மண்டலே என்று போய் அங்கேயும் சாப்பிட்டேன். கச்சின், சின் மலைப்பகுதிச் சமையல் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அதனால் இங்கே எழுதுவது பெரும்பாலும் யாங்கோன் பக்கத்துக் கீழ்நாட்டுப் பர்மியச் சமையலும், கொஞ்சம் கிழக்கே இருக்கும் ஷான் மாநிலச் சமையலும்.

முதலில் அந்தக் கோழிக்கறி. நம் ஊரில் சாப்பாடு என்றால் குழம்புதான் தலைவன், அதை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவோம். பர்மியச் சாப்பாட்டில் கறி அந்த வேலையைச் செய்வதில்லை. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், மஞ்சள் இவற்றை நிறையக் கடலை எண்ணெயில் போட்டு, தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே வரும்வரை பொறுமையாக வதக்கி, அதில் இறைச்சியைப் போட்டு மறுபடியும் எண்ணெய் பிரியவிடுவார்கள். எண்ணெய் பிரிந்து நிற்பதுதான் கறி பக்குவமாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அதை வடித்துவிட்டால் சமையல்காரருக்கு வருத்தம் வரும். சோற்றுக் கடைகளில் கறிகளைக் காலையிலேயே சமைத்து வைத்துவிடுவார்கள், மேலே நிற்கும் எண்ணெய்தான் கறியைக் காற்றுப்படாமல் காக்கிறது. அந்த எண்ணெயைச் சாப்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பர்மியர்கள் கரண்டியால் எண்ணெயை ஓரம் ஒதுக்கி, அடியில் இருக்கும் துண்டையும் கெட்டியான மசாலாவையும் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று துண்டுக் கறிக்கு ஒரு தட்டுச் சோறு போகும். நீங்கள் அந்தக் கிண்ணத்தை அப்படியே சோற்றில் கவிழ்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நம் கை அப்படித்தான் போகும்.

காரம் இல்லை, மசாலா இல்லை என்பதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது. மல்லி, சீரகம், பட்டை, கிராம்பெல்லாம் பர்மியக் கறியில் மிகக் குறைவு, பல கறிகளில் கிடையவே கிடையாது. ருசியை மேசையில் இருக்கும் மற்ற கிண்ணங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். புளிப்புக்குச் சூப், கசப்புக்கும் நறநறப்புக்கும் பச்சைக் காய்கள், உப்புக்கும் வாடைக்கும் மீன் தொக்கு, உறைப்புக்கு வறுத்த மிளகாய், கொழுப்புக்குக் கறி. ஒவ்வொரு வாய்க்கும் நீங்கள்தான் கலந்துகொள்ள வேண்டும். கறியை மட்டும் வாங்கித் தனியாகச் சாப்பிட்டால் கச்சேரியில் தம்புராவை மட்டும் கேட்டுவிட்டு வந்த கதைதான்.

யாங்கோனில் ஒரு சோற்றுக் கடைக்குப் போனால் இது உடனே புரிந்துவிடும். 29ஆம் தெருவில் தனுப்யூ டோ சோ யீ என்று பெயர்போன கடை ஒன்று உண்டு. வாசலை ஒட்டிப் பாத்திரம் பாத்திரமாகக் கறிகள் இருக்கும். பன்றி, ஆடு, கோழி, இறால், ஆற்று மீன், வாத்து முட்டை. நீங்கள் ஒன்றையோ இரண்டையோ கைகாட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். கறி வருவதற்கு முன்பே மேசை நிறைய ஆரம்பிக்கும்: ஒரு கிண்ணம் சூப், பெரிய தட்டில் பச்சையும் வேகவைத்ததுமாகக் காய்கள், நடுவில் மீன் தொக்கு, வறுத்த காய்ந்த இறால் பொடி, ஊறுகாய், சோற்றுப் பாத்திரம். கறிக்குத்தான் காசு, மற்றதெல்லாம் அதோடு சேர்ந்தது, தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். சிங்கப்பூரில் வாடகைக்கு அது கட்டுப்படியாகாது. இங்கே பெரும்பாலும் சூப்பும் ஒன்றிரண்டு காயும்தான் கறியோடு வரும், மீதியைக் கேட்டு வாங்க வேண்டும், கடைக்குக் கடை இது மாறும். நீங்கள் தனியாகப் போனபோது கேட்டிருக்க வாய்ப்பில்லை, அவர்களும் இந்தியர்தானே, வேண்டாம் என்பார் என்று வைக்காமல் விட்டிருக்கலாம்.

இனி அந்த நாற்றக் கிண்ணம். அது ங்ஙபி யே. ங்ஙபி என்பது மீனையோ இறாலையோ உப்புப் போட்டுப் புளிக்கவைத்த விழுது, அதைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வெங்காயம், பூண்டு, மிளகாய் சேர்த்து இறக்கினால் இந்தத் தொக்கு. வாடை பலமாகத்தான் இருக்கும், அதை இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இது ரொம்ப தூரமில்லை. சோற்றில் ஊற்றிப் பிசையாதீர்கள். ஒரு வெள்ளரித் துண்டையோ, பச்சைக் கத்தரிக்காயையோ, வேகவைத்த வெண்டைக்காயையோ எடுத்து, நுனியை மட்டும் தொட்டு வாயில் போட்டு, உடனே ஒரு வாய் வெறும் சோறு சாப்பிடுங்கள். காயின் குளிர்ச்சியில் வாடை அடங்கி உப்பும் உறைப்பும் மட்டும் நாக்கில் நிற்கும். என் கூட வேலை பார்த்தவர்கள் கறி தீர்ந்துபோன நாளில் கவலைப்பட்டதே இல்லை. காயும் ங்ஙபி யேயும் இருந்தால் போதும், தட்டு காலியாகிவிடும். சாதாரணக் குடும்பத்தின் தினசரிச் சாப்பாடும் அதுதான். முதல் தடவை பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்திச் சாப்பிட வேண்டாம், பதிலுக்கு பலச்சாங் கேளுங்கள். காய்ந்த இறாலை இடித்து, பூண்டு, வெங்காயம், மிளகாயோடு எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்தது. அது பிடிக்காத தமிழரை நான் பார்த்ததில்லை, வெறும் சோற்றுக்கே போதும்.

கறிகளில் என்ன வாங்கலாம் என்றால், எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். கோழியும் சுரைக்காயும் போட்டது, மற்றக் கறிகளைவிட நீர்க்க இருக்கும், குழந்தைகளுக்கு ஏற்றது. இறால் கறி, தலையோடு சமைத்திருந்தால் கட்டாயம் வாங்குங்கள், தலையிலிருந்து இறங்கும் கொழுப்பில்தான் அந்த எண்ணெய்க்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. நம் ஊரில் உல்லம் என்று சொல்கிற மீனை அங்கே மிகக் குறைந்த தீயில், முள் கரைகிற அளவுக்கு மணிக்கணக்காக வேகவைப்பார்கள், பட்டியலில் இருந்தால் விடாதீர்கள். பன்றிக்கறி சாப்பிடுவீர்கள் என்றால் மாங்காய் ஊறுகாய் போட்டுச் சமைத்தது இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் சின்பவுங் வறுவல். அது வேறொன்றுமில்லை, நம் புளிச்சகீரைதான், மூங்கில் குருத்தும் காய்ந்த இறாலும் சேர்த்து வதக்கியிருப்பார்கள், புளிப்பு நறுக்கென்று இருக்கும், எண்ணெய்க் கறிக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. சூப்பிலும் பாதி நாள் அந்தக் கீரைதான் மிதக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் பர்மியச் சமையலின் உச்சம் கறியில் இல்லை, தொவுக்கில் இருக்கிறது. கையால் பிசறிக் கொடுக்கும் சாலட் வகைக்குத்தான் தொவுக் என்று பெயர். கடையில் பிசறும் மேசை வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். அந்த அம்மா ஒரு அகலமான கிண்ணத்தில் முட்டைக்கோசைத் தலைமுடி மாதிரி சீவிப் போடுவார், தக்காளி, நறுக்கிய பச்சை மிளகாய், மேலே ஒரு கரண்டி வறுத்த கடலை மாவு, பூண்டும் வெங்காயமும் பொரித்து எடுத்த எண்ணெயில் கொஞ்சம், மீன் சாறு சில சொட்டு, காய்ந்த இறால் பொடி, எலுமிச்சை ஒரு பிழி. பிறகு விரல் நுனிகளால் அழுத்தாமல் தூக்கித் தூக்கிப் புரட்டுவார். கடலை மாவு எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் உறிஞ்சி ஒவ்வொரு இழையிலும் ஒட்டிக்கொள்ளும், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்காது. கடைசியில் பொரித்த பூண்டு. ஒரு துளி எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் கொட்டுவார். இந்த அடிப்படையில் எதை வேண்டுமானாலும் பிசறலாம்: தக்காளி, இஞ்சி, மாங்காய், சமோசா, நூடுல்ஸ். வல்லாரைக்கீரையைப் பச்சையாகப் பிசறிக் கொடுப்பதை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள், நம் வீட்டில் துவையலோடு நிறுத்திவிட்டோமே என்று இருக்கும்.

இவற்றில் முதலில் வாங்க வேண்டியது லபெட் தொவுக், தேயிலை சாலட். ஷான் மாநிலத்தின் வடக்கே நம்சான் பக்கத்து மலைகளில் இளம் தேயிலையைப் பறித்து, ஆவியில் வேகவைத்து, காற்றுப் புகாமல் அமுக்கிப் பல மாதம் புளிக்கவிடுகிறார்கள். கரும்பச்சையாக, எண்ணெய் மினுக்கோடு, லேசான கசப்பும் புளிப்புமாக இருக்கும். அதோடு பொரித்த அவரைப் பருப்பு வகைகள், வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு, தக்காளி, முட்டைக்கோஸ். மென்மையான இலையும் மொறுமொறு பருப்பும் ஒரே வாயில் வரும்படி எடுக்க வேண்டும். சில கடைகளில் கலக்காமல், தடுப்புத் தடுப்பாக இருக்கும் அரக்குப் பாத்திரத்தில் தனித்தனியாக வைப்பார்கள், விரலால் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட வேண்டியது, விருந்துக்கும் விசேஷத்துக்கும் அந்த முறைதான். பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லபெட் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. ஒரு எச்சரிக்கை: இது தேயிலையை அப்படியே தின்பது, குடிப்பதைவிடத் தூக்கத்தை அதிகம் கெடுக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் விழித்திருக்க இதைத்தான் சாப்பிடுவார்கள். மதியம் சாப்பிடுவதால் உங்களுக்குக் கவலையில்லை, சின்னக் குழந்தைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

அத்தோ விஷயத்துக்கு வருகிறேன். 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளையும் வியாபாரங்களையும் அரசுடைமையாக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள், அவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னைக்கு வந்தவர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவானதுதான் பர்மா பஜார். அவர்கள் பர்மாவில் தெருவில் சாப்பிட்ட நூடுல்ஸ் தொவுக்தான் சென்னையில் அத்தோ ஆனது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொறுமொறுவென்று பொரித்த பேஜோ, வாழைத்தண்டு சூப், பொரித்த வெங்காயத்தை அடைத்த முட்டை எல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவைதான். ஆனால் அறுபது வருடத்தில் அத்தோ சென்னைக்காரனாகிவிட்டது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், புளித்தண்ணீர், தாராளமான மிளகாய்த்தூள், மீன் சாறு பெரும்பாலும் இல்லை. பெனின்சுலா பிளாசாவில் நூடுல்ஸ் தொவுக் வாங்கினால் உறவு தெரியும், ஆனால் நிறம் வெளிறியிருக்கும், மீன் வாசமும் காய்ந்த இறாலும் முன்னால் நிற்கும், உறைப்பு குறைவு. அத்தோவை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான். கிட்டத்தட்ட அந்தத் திருப்தி வேண்டுமானால் நன்ஜீ தொவுக் கேளுங்கள், மண்டலே பக்கத்துச் சாப்பாடு, தடித்த அரிசி நூடுல்ஸில் கோழிக்கறியும் அதன் எண்ணெயும் வறுத்த கடலை மாவும் போட்டுப் பிசறியது. மேசையில் மிளகாய்த்தூள் இருக்கும், போட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மொஹிங்காவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நண்பர் கட்டாயம் சொல்வார். கெளுத்தி மீனை எலுமிச்சைப்புல், மஞ்சள் போட்டு வேகவைத்து, சதையை உதிர்த்து, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்துவிட்ட சாற்றில் வாழைத்தண்டு வில்லைகளும் முழுச் சின்ன வெங்காயமும் வெந்துகொண்டே இருக்கும். மெல்லிய அரிசி நூடுல்ஸ் மேல் அதை ஊற்றி, அவித்த முட்டை, நொறுக்கிய பருப்பு வடை, கொத்தமல்லி, எலுமிச்சை. நம் சென்னைப் பேஜோ இந்த வடையின் தம்பி. அங்கே இது காலைச் சாப்பாடு, காலையில் நேரத்தோடு போனால்தான் புதிதாக இருக்கும். மதியம் வாங்கினால் சாறு கெட்டியாகிப் போயிருக்கலாம், கெட்டியாக இருந்தால் கொஞ்சம் சாறு கூடக் கேளுங்கள். தேங்காய்ப்பால் கோழி நூடுல்ஸும் நல்லது, ஓனோ காவ்ஸ்வே என்று பட்டியலில் இருக்கும், வட இந்தியாவில் காவ்சுவே என்று வீட்டு விருந்துகளில் செய்கிறார்களே அதன் மூலம் இதுதான். தாய்லாந்தின் காவ்சோயும் இதுவும் எப்படி உறவு, எது எதிலிருந்து வந்தது என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஒரு முடிவுக்கு வர முடியாது. அதே மாதிரிதான் பர்மியக் கறியே இந்தியாவிலிருந்து போனது என்று நம்மவர்கள் அடித்துச் சொல்வதும். சமோசா, பரோட்டா, பிரியாணி, தோசை இவை நம்மவர்களோடு போனவை, அதில் சந்தேகமில்லை, 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கறி அப்படிப் போனதா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சாப்பாட்டு மேசையில் அதை நண்பரிடம் சொல்லாமலிருப்பது நல்லது.

மாட்டிறைச்சிக்குப் பயப்பட வேண்டாம். உழவுக்கு உழைக்கும் மாட்டைத் தின்னக்கூடாது என்று மாட்டிறைச்சியைத் தொடாத பௌத்தர்கள் பர்மாவில் நிறையப் பேர். நத் என்கிற பர்மிய நாட்டுப்புறத் தெய்வங்களில் தவுங்பியோன் சகோதரர்களைக் கும்பிடுகிறவர்கள் பன்றி சாப்பிடுவதில்லை. அதனால் இதைச் சாப்பிட மாட்டேன் என்று சொல்வது அவர்களுக்குப் புதிதல்ல, காரணம் கேட்காமல் மாற்றித் தருவார்கள். அமேத்தா என்றால் மாடு, வெத்தா பன்றி, செய்த்தா ஆடு, செத்தா கோழி. எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் பர்மிய எழுத்தில் மட்டும் இருந்தாலும் கேட்டுக்கொள்ளலாம். ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் போகுமா என்று கேட்டால், சில கடைகளில் போகும். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் கறியைத் தவிர்த்து தொவுக்கும் நூடுல்ஸும் வாங்குங்கள்.

மனைவியின் சைவம்தான் கவனம் தேவைப்படும் இடம். பர்மியச் சமையலில் காய்கறி ஏராளம், ஆனால் காய்கறி உணவு எல்லாம் சைவம் கிடையாது. கீரை வறுவலில் காய்ந்த இறால் இருக்கும், பருப்புச் சூப்பில் மீன் இருக்கும், தக்காளி சாலட்டில் மீன் சாறு இருக்கும், இறைச்சி இல்லைதானே என்று அவர்கள் மனதார நினைத்துக் கொடுப்பார்கள். ஆகவே இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது, மீன் சாறு, ங்ஙபி, காய்ந்த இறால் மூன்றும் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். தெத் தத் லுத் என்றால் சைவம், உயிர்க்கொலை இல்லாத சாப்பாடு. மழைக்கால விரத மாதங்களில் பர்மியர்களே பலர் இதைக் கடைப்பிடிப்பதால் சமையல்காரருக்கு உடனே விளங்கும். சனிக்கிழமையே நண்பரைவிட்டுக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், ஞாயிறு மதியம் பெனின்சுலா பிளாசா முழுக்கப் பர்மியக் கூட்டம் நிரம்பி வழியும், அந்த நெரிசலில் நின்று விளக்கினால் காதில் விழாது.

உங்கள் மனைவிக்கு நான் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் ஷான் தோஹூவில் ஆரம்பிப்பேன். இது டோஃபு வகை, ஆனால் சோயாவில் செய்வதில்லை. கடலை மாவைக் கரைத்து, மஞ்சள் போட்டு, கிண்டி, ஆறவிட்டு வெட்டியது, மஞ்சளாக, நடுங்குகிற பதத்தில் இருக்கும். பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே குழைவு, புளிச் சட்னி தொட்டுக்கொள்ளலாம். பிசறியும் தருவார்கள். உறையாமல் சூடாகக் கஞ்சிப் பதத்தில் நூடுல்ஸ் மேல் ஊற்றுகிற வகையும் உண்டு, அதில் இறைச்சி போடாமல் கேட்க வேண்டும். அப்புறம் சுரைக்காய் பஜ்ஜி, விரல் நீளத்துக்கு வெட்டிப் பொரித்தது, ஆனால் அதே எண்ணெயில் இறால் வடையும் பொரிப்பார்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லபெட், இஞ்சி, வல்லாரை மூன்றையும் மீன் சாறுக்குப் பதில் உப்புப் போட்டுப் பிசறச் சொன்னால் செய்வார்கள், ருசி ஒன்றும் கெடாது. டீக்கடை வகைகளும் வைத்திருக்கிற கடை என்றால் பரோட்டாவும் அவித்த பட்டாணியும் கிடைக்கும், காலையில் யாங்கோன் முழுக்கச் சாப்பிடுவதில் அதுவும் ஒன்று. இவை எல்லாமே ஒரு நல்ல சமையல்காரர் கையில் கறிகளுக்கு நிகரானவை, சைவத்துக்காக ஏதோ ஒப்பேற்றியது என்று நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாது என்றால் நான் போகச் சொல்ல மாட்டேன். எண்ணெயே கடலை எண்ணெய், இறால் பொடி காற்றில் பறக்கும், எதையும் தனியாகப் பிரித்துச் செய்கிற இடவசதி அந்தச் சின்னச் சமையலறைகளில் கிடையாது. அஜினமோட்டோவும் தாராளம், வேண்டாம் என்றால் தொவுக்கில் தவிர்க்கலாம், கறியில் முடியாது, அது காலையிலேயே போட்டாகிவிட்டது. வயிறு கொஞ்சம் நோஞ்சான் என்றால் முதல் நாள் எண்ணெய்க் கறியைக் குறைத்துச் சூப்பை அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். சூப் தனியாகக் குடித்து முடிக்கிற பண்டமில்லை, சாப்பாடு முழுக்க நடுநடுவே ஒவ்வொரு கரண்டியாகக் குடிப்பது, தண்ணீரின் வேலையை அதுதான் செய்கிறது. பால் இல்லாத இளம் பச்சைத் தேநீரும் மேசையில் இருக்கும், எண்ணெயை அறுக்க அது நல்லது.

நான்கு பேருக்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு இறால் கறி, ஒரு கோழி சுரைக்காய், சின்பவுங் வறுவல், காய்த்தட்டும் ங்ஙபி யேயும், பலச்சாங், லபெட் ஒன்று சாதாரணமாக, ஒன்று சைவமாக, பொரித்த தோஹூ, வல்லாரை தொவுக். எல்லாம் ஒன்றாகவே மேசைக்கு வரட்டும், முதலில் இது பிறகு அது என்ற வரிசை அங்கே கிடையாது. எல்லாம் நடுவில் இருக்கும், ஒரே தடவையில் தட்டை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். நண்பரின் அப்பாவோ அம்மாவோ வந்திருந்தால் அவர்கள் தட்டில் முதலில் பரிமாறிய பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள், அதைக் கவனியுங்கள். கையால் சாப்பிடலாமா என்று கூச்சப்பட வேண்டாம், அது அவர்களுடைய பழைய முறையும்கூட, வலது கை விரல்களால். கடையில் பெரும்பாலும் கரண்டியும் முள்கரண்டியும்தான் ஓடும், எது வசதியோ அது.

இனிப்புக்கு ஷ்வே யின் ஏ கேளுங்கள், தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசியும் ஜெல்லியும் ஐஸும் ஒரு ரொட்டித் துண்டும் போட்டது, வெயில் நாளுக்கு அருமை. ரவை, தேங்காய்ப்பால் போட்டுச் சுடும் சன்வின்மகின் நம் ரவா கேசரிக்குக் கெட்டியான அண்ணன், அங்கே மேலே கசகசா தூவுவார்கள், சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை என்பதால் அது இல்லாமல்தான் வரும். வயிற்றில் இடமில்லை என்றால் ஒரு துண்டு பனை வெல்லம் கேட்டுப் பாருங்கள், பகான் பக்கத்திலிருந்து வருவது, சாப்பாட்டை அதோடு முடிப்பதுதான் பழைய வழக்கம்.

பில்லுக்காகக் கையை நீட்ட வேண்டாம். நான் பழகியவரையில் பர்மியர்களிடம் அழைத்தவர்தான் கொடுப்பார், பாதிப் பாதி போடுவோம் என்றால் மனது சங்கடப்படும். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் இன்னொரு ஞாயிறு அவர் குடும்பத்தை சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப்போய்த் தோசை வாங்கிக் கொடுங்கள். யாங்கோன்காரர் என்றால் தோசை சின்ன வயதிலிருந்தே தெரிந்ததாக இருக்கும், அங்கே தெருவோரத்தில் சுட்டு விற்பது எப்படி இருந்தது என்று அவரே சொல்வார்.